விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு தையல்காரி சொல்வது

சித்திரை வெயிலில் ஒருத்தி வந்து, "அக்கா, இந்த முறை கையைக் கொஞ்சம் நீளமாக வையுங்க, முழங்கை மறையட்டும்" என்றால் நான் ஏன் என்று கேட்பதில்லை. நாடாவை எடுத்து மற்றக் கையில் அளந்துகொள்வேன். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகிற வழியில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அங்கே இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷினோடு இருக்கிறேன். படிப்பு ஓ.எல். வரைதான். ஆனால் எந்த வீட்டில் அடி விழுகிறது என்பது கிராம சேவகருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முதுகு அளக்கும்போது ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடிப்பாளே, அதில் தெரியும்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில், பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி ஒன்பது பத்துக் கூட்டங்கள் நடத்தியிருப்பேன். பாதி வீண். நீங்களும் உங்கள் ஊரில் அப்படி ஒன்று வைக்க நினைத்தால், அந்த வீணாய்ப்போன பாதியைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

முதல் கூட்டம் நவம்பர் 25 அன்று. உலகம் முழுக்க அன்றைக்குத்தான் வைக்கிறார்கள். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூன்று பேரை 1960 இல் அந்த நாளில்தான் கொன்றார்கள். 1981 இலிருந்து லத்தீன் அமெரிக்கப் பெண்கள் அந்த நாளை நினைவுகூர்ந்து வந்தார்கள். 1999 இல் ஐக்கிய நாடுகள் சபையும் அதை ஏற்றது. நவம்பர் 25 இலிருந்து டிசம்பர் 10, மனித உரிமைகள் தினம் வரை 16 நாட்கள் இந்தப் பிரசாரம். எல்லாம் சரி. ஆனால் நவம்பர் 25 திருகோணமலைக்கு நடு மாரி. சனசமூக நிலையத்துக்குத் தகரக் கூரை. மழை கொட்டத் தொடங்கியதும் பேசியவர் வாயசைப்பதுதான் தெரிந்தது. பிரதம விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். செம்மஞ்சள் நிறத்தில் பெரிய பதாகை, அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற ஒரு பெண். (அந்தப் பதாகை இப்போது மழை நாளில் என் மெஷினைப் போர்த்துகிறது. நல்ல சாமான், இன்னும் ஒழுகவில்லை.)

அன்றைக்கு மைக் கட்டித் தந்து, கதிரை இறக்கி, எனக்கு ஒரு சோடாவும் வாங்கித் தந்த தம்பி, அதற்கு முந்திய கிழமை தன் மனைவியின் காதோடு சேர்த்து அறைந்திருந்தார். எனக்கு அது தெரியும். மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மனைவி வரவில்லை, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். தம்பி கடைசி வரை நின்று கைதட்டினார். பேசப்படுவது தன்னைப் பற்றி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாங்களும் தோன்றும்படி எதுவும் பேசவில்லை.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். வன்முறை பிழை என்று இரண்டு மணித்தியாலம் சொன்னோம். அடி வாங்குகிறவளுக்கு அடி பிழை என்று சொல்ல ஒரு கூட்டம் வேண்டுமா? தெரியாமல் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். சத்தம் கேட்கிறபோது என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் டீவியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நான் கூட்டம் வைத்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காகத்தான்.

முதலில் காலத்தைப் பாருங்கள். எங்கள் கரையில் வாடைக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காது. ஆண்கள் கிழமைக்கணக்கில் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, தோடு அடகுக்குப் போகும், நுண்கடன் காசு கேட்டு ஆள் படலைக்கு வரும். நான் கண்ட அளவில் நீளக் கை பிளவுஸ் அதிகம் கேட்கப்படுவது இந்த மாதங்களில்தான். ஆகவே சொல்ல வேண்டியதை ஆவணி, புரட்டாதியிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். மாரிக்கு விறகு சேர்க்கிற மாதிரி. நவம்பர் 25 க்கு ஒரு விளக்கு ஏற்றுங்கள், போதும். வயல் ஊர் என்றால் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் ஓய்வான கிழமை எது என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.

மண்டபத்தை விடுங்கள். பன்னிரண்டு பேர் பாயில் இருக்கக்கூடிய இடம் போதும். சீட்டுக் காசு கட்டுகிற நாள், குடும்ப நல உத்தியோகத்தரின் கிளினிக் நாள், என் கடை போல ஒரு தையல் கடை. ஒரு பெண் புருசனிடம் காரணம் சொல்லாமல் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். "வன்முறை பற்றிய கூட்டத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வரக்கூடியவளுக்கு அந்தக் கூட்டம் அவ்வளவு அவசரமாகத் தேவைப்படாது.

அம்மாமாரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் கட்டிய மருமகன் வந்து இருப்பார், அம்மா அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார். ராத்திரிச் சத்தத்தை முதலில் கேட்கிறவர் அவர். காலையில் மகளிடம், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்று முதலில் சொல்கிறவரும் அவர்தான். நான் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "வீடு யாருடைய பெயரில்?" எல்லோரும் சொல்வார்கள், "மகளின் பெயரில்." "அப்படியென்றால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே நிற்கிறது யார்?" கொஞ்ச நேரம் ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் சட்டத்தை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் கொட்டாவி விடுவார்கள்.

சட்டம் என்றால் இலங்கையின் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். இதில் நான் அழுத்திச் சொல்வது, இது ஆளைச் சிறையில் போடுவதற்காகக் கொண்டுவந்த சட்டம் அல்ல என்பதைத்தான். பெண்கள் வாய் திறக்காததற்கு அதுதான் பெரிய காரணம். "அவரை உள்ளே போட்டால் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?" இந்தச் சட்டத்தில் கேட்பது பாதுகாப்புக் கட்டளை. நீதவான் நீதிமன்றத்தில் அவளே விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். அவசரம் என்று கண்டால் நீதவான் உடனே ஓர் இடைக்காலக் கட்டளை கொடுத்துவிட்டு, 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுப்பார். பிறகு கொடுக்கிற கட்டளை 12 மாதம் வரை இருக்கலாம். வீட்டுக்குள் வராதே, வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, அவளுக்குப் போன் பண்ணாதே என்று அதில் எழுதலாம். அவசரச் செலவுக்குக் காசு கொடு என்றும் சொல்லலாம். கட்டளையை மீறினால்தான் தண்டனை, ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். புருசன் மட்டும் இல்லை, அடிக்கிற அண்ணன், அப்பா, மகன், பிரிந்துபோன புருசன் எல்லோருக்கும் பொருந்தும். அடிதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தொடர்ந்து கேவலப்படுத்திக் கொடுமை செய்வதும் அதற்குள் வரும்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். காயம் இருந்தால் எல்லாவற்றுக்கும் முதல் ஆஸ்பத்திரி. "கிணற்றடியில் வழுக்கினேன்" என்று டாக்டரிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். சட்ட வைத்திய அதிகாரி எழுதுகிற அறிக்கை பின்னால் நீதிமன்றத்தில் பேசும், வழுக்கின கதை பேசாது. பல அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் என்று ஒன்று இருக்கும். சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

இலக்கங்களைத் துண்டுப் பிரசுரத்தில் அடித்துக் கொடுக்காதீர்கள். என் முதல் கூட்டத்துத் துண்டு ஒன்று ஒரு பெண்ணின் தலையணைக்குக் கீழே அகப்பட்டு, அவள் அதற்கும் சேர்த்து வாங்கினாள். நான் மனப்பாடம் செய்ய வைக்கிறேன். அரசாங்கத்தின் பெண்கள் உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. பிறந்த வருடம் மாதிரி இருக்கிறது அல்லவா? "அம்மம்மா 38, அப்பப்பா 29." மூன்று தரம் எல்லோரும் சேர்ந்து சொன்னால் மறக்காது. ஒரு பாட்டி எழும்பி, தான் உண்மையாகவே 38 இல்தான் பிறந்தவள் என்றார். அன்றைக்கு முழுக்க அவர்தான் எங்கள் கதாநாயகி. பொலிஸ் அவசரம் 119, அது எல்லோருக்கும் தெரியும்.

இனிப் பழக்க வேண்டியவை. பேச்சைக் குறைத்து இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

சத்தம் கேட்டால் போய்ப் படலையைத் தட்டுவது. இந்தியாவில் 2008 இல், அடி விழுகிற சத்தம் கேட்டால் அந்த வீட்டு அழைப்பு மணியை அடியுங்கள் என்று ஒரு பெரிய பிரசாரம் நடந்தது. எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு மணியும் இல்லை, கதவும் இல்லை. அதனால் நாங்கள் சீனி கேட்கிறோம். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராக, டோர்ச் அடித்துக்கொண்டு, "பிள்ளை, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கூப்பிட வேண்டும். சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கக் கூடாது. நியாயம் பேசக் கூடாது. ஓங்கின கை ஒரு நிமிசம் நிற்கும், அவள் படலை வரைக்கும் வருவாள். வெளியே வர நினைத்தால் அந்த நேரத்தில் வந்துவிடலாம். அவர் கையில் கத்தி, பொல்லு இருந்தால் சீனி விளையாட்டு வேண்டாம், நேரே 119. கூட்டத்தில் இதை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மூன்றாவது ஆள் நடிக்கும்போது குரல் மாறும்.

மறுநாள் அவளைக் காணும்போது என்ன பேசுவது என்பதும் பழக்க வேண்டிய ஒன்று. "நீ என்ன சொன்னாய், அவர் அடிக்கிறதுக்கு?" என்பது வாயில் தானாக வரும். என் வாயிலும் வந்திருக்கிறது. "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?" என்பதும் அப்படித்தான். அதற்குப் பதில், "சாப்பிட்டியா? இண்டைக்கு என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறாய்?" அவ்வளவுதான். அவள் திரும்ப அந்த வீட்டுக்கே போனால் கோபிக்காதீர்கள். ஒரு பெண்ணுக்காக நான் மூன்று தரம் ஓட்டோ பிடித்திருக்கிறேன். மூன்றாம் தரம் எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டேன். நாலாம் தரம் அவள் என்னிடம் வரவில்லை. அந்த வார்த்தையை எங்கே போய்த் திருப்பி எடுக்க?

முறைப்பாடு சொல்லவும் பழக வேண்டும். நான் ஒருத்தியோடு ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, அவள் அரை மணித்தியாலம் அழுதழுது சொன்னதை எழுதியவர் "குடும்பத் தகராறு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, சமாதானமாகப் போங்கள் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். என்ன நாள், எத்தனை மணி, எதால் அடித்தார், எங்கே பட்டது, பிள்ளைகள் எங்கே நின்றார்கள், இதற்கு முன் எத்தனை தரம். சிறுவர், பெண்கள் பிரிவு எங்கே என்று கேட்கவேண்டும். எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லவேண்டும், விளங்காத மொழியில் எழுதின தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது. 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. இது கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை. வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஒரு பை. அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம், குடிக்கிற மருந்து, மாற்றுடுப்பு, பஸ் காசு. அட்டையை எடுக்க முடியாவிட்டால் எல்லாவற்றிலும் ஒரு போட்டோ பிரதி. இதை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓர் இடத்தில் வைக்கவேண்டும். என் கடையில் திருத்தத்துக்கு வந்த துணிகளோடு சில பைகள் இருந்தன. இப்போது இதை எழுதிவிட்டதால் இடத்தை மாற்றியாயிற்று.

ஆண்களுக்கு வேறு கூட்டம், வேறு இடம். அதை ஒரு பெண் நடத்தினால் கேட்கமாட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்து அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கரையில் அவர்கள் தங்கும் வாடியில் வலை பொத்துகிற நேரம் போனேன். வலை பொத்துகிறபோது கையில் வேலை இருக்கும், கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, ஆகவே காது திறந்திருக்கும். வழக்கம்போல, "குடிதான் அக்கா காரணம்" என்றார்கள். அண்ணன் தலை நிமிராமல் கேட்டார்: "வெறியில சம்மாட்டிக்கு அடிச்சவன் ஆராவது இருக்கிறானா இங்க?" சம்மாட்டி என்றால் வள்ளத்து முதலாளி. ஒருவரும் இல்லை. நான் அதற்கு மேல் பேசவில்லை. ஒரு பெடியன் மட்டும் பிறகு வந்து, தன் அக்காவின் வீட்டு நிலைமைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டான். அப்படி ஒருவன் வந்தால் அந்த நாள் லாபம்தான்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கதையோடு தொடங்காதீர்கள், பஸ்ஸோடு தொடங்குங்கள். இலங்கையில் பஸ், ரயிலில் போகிற பெண்களில் 90 வீதமானோர் ஒரு தரமாவது தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர்களுக்கு அது செய்தியே இல்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி அது குற்றம், ஐந்து வருடம் வரை சிறை என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. "அண்ணன், கையை எடுங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்திப் பழக்குங்கள். ஊக்கு குத்துவது அவர்களுக்கே தெரியும்.

கிண்ணியாவில் ஒரு தோழி வீட்டில் இரண்டு கூட்டம் வைத்தோம். முன்பெல்லாம் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடக்கவேண்டும், 2009 இல் பாலம் திறந்த பிறகு பஸ்தான். அங்கே வந்த கேள்வி வேறு: "எங்களுக்குக் காதி நீதிமன்றம்தானே?" முஸ்லிம்களின் கல்யாணம், தலாக், பிள்ளைச் செலவு அங்கே. அடிக்கு 2005 சட்டம், அது எல்லோருக்கும் பொது, நீதவான் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே அந்த இரண்டு பஸ் பயணமும் தகும்.

ஒரு கணக்கும் சொல்வேன். 2019 இல் அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், துணையோடு வாழ்ந்த, வாழ்கிற பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடம் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்திருக்கிறார் என்று தெரிந்தது. பாயில் பதினைந்து பேர் இருந்தால் மூன்று பேர். இதைச் சொன்ன உடனே எல்லோரும் சுற்றிப் பார்ப்பார்கள். "ஆளைத் தேடவேண்டாம், உங்கள் பாத்திரத்தைத் தேடி வையுங்கள்" என்பேன்.

கடைசியாகப் படம். எடுக்காதீர்கள். நிதி தருகிறவர்கள் படமும் கையெழுத்துப் பட்டியலும் கேட்பார்கள். ஒரு தரம் கொடுத்தோம். அது முகநூலில் வந்து, "எங்கட வீட்டுக் கதையைச் சொல்லவா போனாய்?" என்று ஒருத்திக்கு அன்றிரவே பதில் கிடைத்தது. இப்போது தேத்தண்ணிக்கும் வடைக்கும் சீட்டுக் காசிலிருந்து எடுக்கிறோம். ஒருவருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. தலைகளை எண்ண வேண்டும் என்றால் செருப்பைப் படம் எடுங்கள்.

போன மாரியில் இரவு ஒன்பது மணி இருக்கும், நல்ல மழை. பின் ஒழுங்கைச் சிறுமி ஒருத்தி நனைந்துகொண்டு வந்து, "மாமி, அம்மா சீனி கேட்டவ" என்றாள். எனக்குக் கால் நடுங்கியது. பக்கத்து வீட்டு அக்காவையும் முன்வீட்டு மச்சாளையும் எழுப்பி, மூன்று பேரும் டோர்ச்சோடு ஓடினோம். போய்ப் பார்த்தால் அவர்கள் வீட்டில் உண்மையாகவே சீனி முடிந்திருந்தது. புருசன்காரர் எங்களைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கொண்டுபோன சீனியிலேயே தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தோம்.